ரெஃப் ஏன் அப்படி ஊதினார்?

அமெரிக்காவில் பிள்ளைகளைச் சாக்கருக்கு அனுப்பும் நம் பெற்றோர்களிடம் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு: "ரெஃப் சரியில்லை." சனிக்கிழமை கிளப் ஆட்டமானாலும் சரி, வாரநாள் மாலையில் நடக்கும் ஹைஸ்கூல் ஆட்டமானாலும் சரி, தோற்றுத் திரும்பும் காரில் பேச்சு கடைசியில் நடுவரிடம்தான் போய் நிற்கும். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. சிறுவர் ஆட்டங்களிலும் பள்ளி ஆட்டங்களிலும் நடுவர்களின் தரம் ஒரு வாரம் போல மறுவாரம் இருப்பதில்லை. ஆனால் அதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. எத்தனை நடுவர்கள் வந்திருக்கிறார்கள், எந்த விதிப்புத்தகப்படி ஆட்டம் நடக்கிறது, வந்தவர் இந்த வேலையில் எத்தனை காலம் தாக்குப்பிடித்தவர் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் மைதானத்தில் நடப்பதில் பாதி புரிந்துவிடும்.

நம்மில் பலர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். அம்பயர் ஓரிடத்தில் நிற்பார். பந்துக்குப் பந்து இடைவெளி உண்டு. அப்பீல் கேட்ட பிறகு யோசிக்க ஓரிரு நொடியாவது கிடைக்கும். சாக்கர் நடுவருக்கு இது எதுவும் இல்லை. ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும், மூச்சு வாங்கும்போதே முடிவு சொல்ல வேண்டும், சொன்ன கையோடு பந்து அடுத்து எங்கே போகும் என்று கணித்து ஓடத் தொடங்க வேண்டும். நாம் கிரிக்கெட்டில் பழகிய எதிர்பார்ப்போடு எல்லைக்கோட்டருகே நாற்காலி போட்டு உட்காருவதால், நடுவர் தடுமாறுவது போலவே நமக்குத் தோன்றும்.

எத்தனை கண்கள்?

டிவியில் பார்க்கும் ஆட்டங்களில் நடுவில் ஒருவர் விசிலோடு ஓடுவார், இரு பக்கமும் கொடியோடு துணை நடுவர்கள் இருவர் இருப்பார்கள். நடுவர் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை நோக்கிச் சாய்வாக ஓடுவார். அவர் கண்ணுக்குத் தூரமாகும் இரண்டு பகுதிகளையும் துணை நடுவர்கள் கவனிப்பார்கள். அமெரிக்காவில் கிளப் ஆட்டங்களுக்கு நடுவர்களைப் பதிவு செய்யும் யு.எஸ். சாக்கர் கூட்டமைப்பு இந்த ஒரு முறையைத்தான் ஏற்கிறது.

பள்ளி ஆட்டம் வேறு உலகம். அதை நடத்துபவை அந்தந்த மாநிலத்தின் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள். அவற்றுக்கு விதி எழுதித் தருவது இண்டியானாபொலிஸில் இருக்கும் என்.எஃப்.எச்.எஸ். என்ற தேசியக் கூட்டமைப்பு. அதன் புத்தகம் மூன்று முறைகளை அனுமதிக்கிறது. ஒருவர் விசிலும் இருவர் கொடியும் வைத்திருக்கும் வழக்கமான முறை ஒன்று. மூவர் கையிலும் விசில் இருக்கும் முறை இன்னொன்று. கொடியே இல்லாமல் விசிலோடு இருவர் மட்டும் இருப்பது மூன்றாவது. ஆள் பற்றாக்குறையாலும் செலவு மிச்சமாகும் என்பதாலும் பல இடங்களில் பள்ளி ஆட்டங்கள் இந்த மூன்றாவது முறையில் நடக்கின்றன.

இருவர் முறையில் என்ன சிக்கல்? இருவரும் எதிரெதிர் எல்லைக்கோட்டருகே நின்று ஓடுகிறார்கள். தாக்குதல் எந்தக் கோலை நோக்கிப் போகிறதோ அந்தப் பக்கம் இருப்பவர் முன்னே ஓடுவார், மற்றவர் பின்னால் வருவார். முன்னே ஓடுபவர் ஒரே நேரத்தில் ஆஃப்சைடைப் பார்க்க வேண்டும், ஃபவுலைப் பார்க்க வேண்டும், பந்து கோட்டைத் தாண்டியதா என்றும் பார்க்க வேண்டும். ஆஃப்சைடுக்காகக் கோட்டோரம் நின்றால் பெனால்டி பகுதிக்குள் நடக்கும் மோதல் முப்பது நாற்பது கெஜம் தள்ளிப் போய்விடும். அதை நெருங்கிப் பார்க்க உள்ளே போனால் ஆஃப்சைடு கோட்டை விட்டாயிற்று. இதோடு இரண்டு பேருக்கும் அதிகாரம் சமம் என்பதால், ஒருவர் ஊதும் தோள்மோதலை மற்றவர் விட்டுவிடுவார். முதல் பாதியில் நம் பக்கம் இருந்தவர் கண்டிப்பானவர், இரண்டாம் பாதியில் வந்தவர் தளர்வானவர் என்று பெற்றோருக்குத் தோன்றுவதன் பின்னணி இதுதான். ஹைஸ்கூல் பிள்ளைகள் ஓடும் வேகத்துக்கு இருவர் போதாது என்பது என் உறுதியான கருத்து. பணம் இல்லை என்று சொல்லும் மாவட்டங்களும் செயற்கைப் புல்தரைக்கும் விளக்குக் கம்பத்துக்கும் பணம் கண்டுபிடிக்கின்றன.

சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பெரும்பாலும் நடுவர் ஒருவரே. 9, 10 வயதுப் பிரிவில் அணிக்கு ஏழு பேர், பாதிக்கு 25 நிமிடம். துணை நடுவர் இல்லாத ஆட்டங்களில் சில லீக்குகள் பக்கத்துக்கு ஒரு பெற்றோரைக் கூப்பிட்டுக் கையில் கொடி கொடுப்பதுண்டு. அவர் பந்து வெளியே போனதை மட்டும் காட்டலாம். ஆஃப்சைடோ ஃபவுலோ சொல்ல அவருக்கு உரிமை இல்லை. இது தெரியாமல் கொடியை ஆட்டிவிட்டு, நடுவர் கண்டுகொள்ளவில்லை என்று கோபித்துக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆஃப்சைடு: ஒரு மீட்டரின் கதை

எல்லைக்கோட்டிலிருந்து அதிகம் கேட்கும் கூச்சல் ஆஃப்சைடு பற்றியதுதான். பந்து உதைக்கப்படும் அந்தக் கணத்தில், தாக்கும் ஆட்டக்காரரின் உடலில் கோல் போடக்கூடிய ஏதாவது ஒரு பகுதி பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டிக் கோலுக்கு அருகில் இருந்து, அவர் ஆட்டத்தில் ஈடுபட்டால் தவறு. கை கணக்கில் வராது. தன் பாதி மைதானத்துக்குள் இருந்தால் தவறில்லை. கோல் கிக், கார்னர் கிக், த்ரோ-இன் ஆகியவற்றிலிருந்து நேராகப் பந்து வந்தாலும் தவறில்லை. த்ரோ-இன் பந்தை வாங்கி ஓடும் பிள்ளையைப் பார்த்து "ஆஃப்சைடு!" என்று கத்துவது அநேகமாக எல்லா ஆட்டத்திலும் நடக்கிறது.

"அந்தக் கணத்தில்" என்பதில்தான் கஷ்டம் இருக்கிறது. முன்னே பாயும் ஃபார்வர்டு நொடிக்கு ஐந்து மீட்டர் ஓடுகிறார் என்று வையுங்கள். ஆஃப்சைடு பொறி வைப்பதற்காகத் தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் அதே வேகத்தில் வெளியே வருகிறார். இருவருக்கும் இடையே தூரம் நொடிக்குப் பத்து மீட்டர் கூடும். பந்தை உதைத்த காலிலிருந்து கோட்டுக்குக் கண்ணைத் திருப்ப நடுவருக்குப் பத்தில் ஒரு நொடி பிடித்தால்கூட அதற்குள் ஒரு மீட்டர் இடம் மாறிவிடுகிறது. சரியாக நின்ற பிள்ளை அந்த ஒரு மீட்டரால் தவறாக நின்றவன் போலத் தெரிவான்.

நிற்கும் இடமும் முக்கியம். 2000-ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். துணை நடுவர் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேர்கோட்டில் நிற்காமல் சற்று முன்போ பின்போ நின்றால், அவர் பார்க்கும் கோணமே அவரைத் தவறாகத் தீர்ப்புச் சொல்ல வைக்கிறது என்று அதில் காட்டினார்கள். அவருடைய கண்ணிலோ நேர்மையிலோ குறையில்லை, பார்த்த கோணம்தான் பிழை. இப்போது எண்ணிப் பாருங்கள். பயிற்சி பெற்ற தொழில்முறை நடுவருக்கே இப்படியென்றால், நடுவட்டத்துக்குப் பக்கத்திலிருந்து ஒற்றை நடுவராக ஓடிவரும் சிறுமி எப்படிக் கோடு பிடிப்பாள்? மைதானத்தின் இன்னொரு கோடியில் நாற்காலியில் சாய்ந்திருக்கும் நாமும் அந்தக் கோட்டில் இல்லை. நமக்குத் தெரியும் கோணம் அவளுடையதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

சின்ன வயதுப் பிரிவில் இன்னொரு கோடும் உண்டு. 9, 10 வயது ஆட்டங்களில் நடுக்கோட்டுக்கும் பெனால்டி பகுதிக்கும் இடையே பாதி தூரத்தில் பில்ட்-அவுட் லைன் போடுகிறார்கள். கோல் கீப்பர் கையில் பந்து வந்ததும் எதிரணி அந்தக் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும், கீப்பர் பந்தைக் காற்றில் ஓங்கி உதைக்கக் கூடாது. ஆஃப்சைடும் நடுக்கோட்டிலிருந்து தொடங்காமல் இந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கும். பந்தை உருட்டி, தரையிலேயே கட்டி எழுப்பி ஆடக் குழந்தைகள் கற்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் டிவி ஆட்டம் பார்த்துப் பழகிய அப்பாக்களுக்கு நடுவர் எல்லாவற்றையும் தப்பாகச் சொல்வது போலத் தெரியும்.

தலையால் முட்டுவதும் அப்படியே. மூளை அதிர்ச்சி குறித்த வழக்கு ஒன்றின் சமரசத்தை ஒட்டி, 2015 நவம்பரில் யு.எஸ். சாக்கர் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று அறிவித்தது. வேண்டுமென்று முட்டினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். வேண்டுமென்றா, தானாகப் பட்டதா என்று அந்தக் கணத்தில் முடிவு செய்ய வேண்டியவர் அந்த ஒற்றை நடுவர்தான்.

ஒரே பிள்ளை, இரண்டு விதிப்புத்தகம்

ஹைஸ்கூலில் ஆடும் பிள்ளை பெரும்பாலும் கிளப்பிலும் ஆடும். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா போன்ற வடக்கு மாநிலங்களில் பள்ளி சீசன் இலையுதிர் காலத்திலும், டெக்சாஸ், ஃப்ளோரிடா பக்கம் குளிர்காலத்திலும் வருகிறது. கிளப்பில் உலகப் பொது விதிகள். பள்ளியில் என்.எஃப்.எச்.எஸ். விதிகள்.

வித்தியாசங்கள் சின்னவைதான், ஆனால் குழப்பம் பெரிது. வசந்தகாலத்தில் கிளப் ஆட்டத்தில் மஞ்சள் அட்டை வாங்கிய பையன் அப்படியே ஆடிக்கொண்டிருந்தான். செப்டம்பரில் பள்ளிக்கு ஆடும்போது அதே மஞ்சள் அட்டைக்கு மைதானத்தை விட்டு வெளியே போகச் சொல்கிறார்கள். பள்ளி விதிப்படி அட்டை வாங்கியவர் வெளியேற வேண்டும், அவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கலாம். அதேபோல நேரம். பொது விதிகளில் கடிகாரம் நிற்காது. வீணான நேரத்தை நடுவர் கடைசியில் சேர்த்துக்கொடுப்பார். பள்ளியில் பாதிக்கு 40 நிமிடம், கோல் விழுந்தால், அட்டை காட்டினால், பெனால்டி கொடுத்தால், காயம்பட்டால் கடிகாரத்தையே நிறுத்துவார்கள். உலக விதிகளில் ஒரு மாற்றம் வந்தால் பள்ளிப் புத்தகம் தானாக மாறிவிடாது. பள்ளிக் கூட்டமைப்பின் விதிக்குழு தனியாகக் கூடித் தனியாக முடிவெடுக்கும். 2025 ஜூலை முதல் உலக விதிகளில் கீப்பர் எட்டு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று வந்தது. அதற்கு முன் ஆறு நொடியும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கும். சனிக்கிழமை கிளப்பிலும் திங்கட்கிழமை பள்ளியிலும் ஊதும் நடுவர் இரண்டு புத்தகத்தையும் தலைக்குள் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். சில நேரம் கலந்துவிடுகிறது. கோச்சுகளுக்கும் கலந்துவிடுகிறது.

எல்லைக்கோட்டுக் கூச்சல்களில் சில

"ஹேண்ட்பால்!" பந்து கையில் பட்டாலே தவறு என்பது பரவலான நம்பிக்கை. விதி அப்படிச் சொல்லவில்லை. வேண்டுமென்று கையைப் பந்துக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது அந்த அசைவுக்குத் தேவையில்லாத விதத்தில் கையை விரித்து உடலைப் பெரிதாக்கியிருக்க வேண்டும். இரண்டு கெஜத்திலிருந்து ஓங்கி உதைத்த பந்து, உடலோடு ஒட்டிய கையில் பட்டால் ஆட்டம் தொடர வேண்டியதுதான். கோல் போட்டவருடைய கையிலேயே பந்து பட்டு உடனே கோல் விழுந்தால் மட்டும் தெரியாமல் பட்டதும் தவறு. 2019-இலும் 2021-இலும் இந்தப் பகுதியை மாற்றி எழுதினார்கள். உலகக் கோப்பை நடுவர்களுக்கே தலைவலியாக இருக்கும் இந்த விதியை ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் நடுவர் ஒரே பார்வையில் தீர்க்க வேண்டியிருக்கிறது.

"பந்தைத்தானே எடுத்தான்!" இதுவும் பாதி உண்மைதான். பந்தைத் தொட்டது விளக்கமாகாது, எப்படிப் போய்த் தொட்டார் என்பதுதான் கேள்வி. விதி மூன்று படி வைத்திருக்கிறது. கவனக்குறைவாக இடித்தால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. தேவைக்கு மீறிய பலத்தோடு, காயப்படுத்தக்கூடிய விதத்தில் பாய்ந்தால் சிவப்பு. பந்தைச் சுத்தமாகத் தட்டிவிட்டு, அதே வேகத்தில் எதிராளியின் கணுக்காலை வாரும் டேக்கிள் மூன்றாவது படிக்குக்கூடப் போகலாம். இந்தப் படிகளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஆட்டத்தைப் பாருங்கள், நடுவரின் பாதி முடிவுகளுக்குக் காரணம் தெரிந்துவிடும்.

நடுவர் ஊதாமல் விடுவதிலும் ஒரு முடிவு இருக்கும். நம் பிள்ளையைத் தடுக்கிவிட்டார்கள், ஆனால் பந்து நம் அணியின் இன்னொருவரிடம் போய்விட்டது, அவருக்கு முன்னால் வெற்றிடம். இப்போது விசில் ஊதினால் தவறு செய்த அணிக்குத்தான் லாபம். நடுவர் கையை முன்னே நீட்டி ஆட்டத்தைத் தொடரச் சொல்வார். சில நொடிகளில் அந்த வாய்ப்பு கைகூடவில்லை என்றால் பழைய தவறுக்கே திரும்பி வந்து ஊதலாம். ஊதாததைக் கண்டு "குருடா?" என்று கத்துவார்கள், பிறகு ஊதியதைக் கண்டு "இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்பார்கள். இரண்டு முறையும் அவர் செய்தது சரி.

நடுவில் காணாமல் போனவர்கள்

தரம் பற்றிய பேச்சின் மையம் என்று நான் நினைப்பது இந்தப் பகுதிதான்.

ஒரு வார இறுதியில் ஏதாவது ஒரு பெரிய மைதான வளாகத்தைச் சுற்றிவந்து நடுவர்களின் வயதைக் கவனியுங்கள். சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களில் 13, 14, 15 வயதுப் பிள்ளைகள். யு.எஸ். சாக்கரில் 13 வயது நிறைந்தால் அடிப்படை நிலை நடுவராகப் பதிவு செய்யலாம். பெரிய பிரிவுகளிலும் பள்ளி ஆட்டங்களிலும் தலை நரைத்தவர்கள். அமெரிக்காவின் விளையாட்டு நடுவர்களுக்கான தேசிய அமைப்பு 2017-இல் எல்லா விளையாட்டுகளையும் சேர்ந்த 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நடுவர்களிடம் கருத்துக் கேட்டது. பதில் சொன்னவர்களின் சராசரி வயது 53. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள் எங்கே? ஓட உடலும், ஆடிய நினைவும், அனுபவமும் ஒருசேர இருக்கக்கூடிய வயது அதுதானே.

அவர்கள் விட்டுவிட்டார்கள். என்.எஃப்.எச்.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த கரிசா நீஹாஃப் 2019-இல் பெற்றோர்களுக்கு எழுதிய பகிரங்கக் கட்டுரையில் இரண்டு கணக்குகளைச் சொன்னார். இளம் நடுவர்களில் 80 விழுக்காட்டினர் இரண்டே வருடத்தில் விசிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். விலகும் பள்ளி நடுவர்களில் 75 விழுக்காட்டினர் பெரியவர்களின் நடத்தையைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறார்கள். 2017 கருத்துக் கணிப்பிலும் மைதானப் பண்பைக் கெடுப்பவர்கள் யார் என்ற கேள்விக்கு ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் பெற்றோரைச் சுட்டினார்கள். அடுத்த இடம் கோச்சுகளுக்கு. ஆடும் பிள்ளைகளைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. பிறகு கொரோனா வந்தது. 2018-19 முதல் அடுத்த சில ஆண்டுகளில் எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 50 ஆயிரம் பள்ளி நடுவர்களை இழந்ததாக அதே கூட்டமைப்பு சொன்னது. சாக்கர் ஆடும் ஹைஸ்கூல் பிள்ளைகளோ நாடு முழுக்க எட்டு லட்சத்துக்கும் மேல்.

நடுவர் வேலை பாடப்புத்தகத்தால் வருவதில்லை. விதியை ஒரு வார இறுதியில் படித்துவிடலாம், ஆன்லைன் பாடமும் ஒரு நேரடி வகுப்புமாகப் பயிற்சியும் முடிந்துவிடும். எங்கே நிற்பது, எந்த இரண்டு பேர் இன்னும் பத்து நிமிடத்தில் மோதிக்கொள்வார்கள், கோச்சிடம் எந்தக் குரலில் பேசினால் அடங்குவார் என்பதெல்லாம் ஆட்டம் ஆட்டமாக ஓடித்தான் வரும். இரண்டு வருடத்தில் விலகுபவர், வேலை பிடிபடத் தொடங்கும் நேரத்தில் விலகுகிறார். அவர் இடத்துக்கு மறுபடி ஒரு புதுப் பிள்ளை வருகிறது, அதுவும் முதல் வருடத் தவறுகளையே செய்கிறது, அதற்கும் வசவு விழுகிறது. ஆகவே "ரெஃப் சரியில்லை" என்று கத்துவதே அடுத்த வருட ரெஃப்பையும் சரியில்லாமல் ஆக்குகிறது.

வசவோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 2013 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தின் டெய்லர்ஸ்வில்லில் சிறுவர் லீக் ஆட்டம் ஒன்றில் ரிக்கார்டோ போர்ட்டியோ என்ற 46 வயது நடுவர், 17 வயதுக் கோல் கீப்பர் ஒருவருக்கு மஞ்சள் அட்டை கொடுத்தார். அந்தப் பையன் அவர் தலையில் ஒரு குத்து விட்டான். ஒரு வாரத்தில் அவர் இறந்துபோனார். அதற்கு முந்தைய டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரில், தன் மகன் ஆடிய சிறுவர் ஆட்டத்துக்குத் தன்னார்வமாகக் கோட்டு நடுவராக நின்ற ரிச்சர்ட் நியூவென்ஹைசன், இளம் ஆட்டக்காரர்கள் அடித்து இறந்தார். இவை அபூர்வம். ஆனால் எந்த நடுவரின் வீட்டிலும் இந்த இரண்டு செய்திகளும் மறக்கப்படவில்லை.

யு.எஸ். சாக்கர் 2025 மார்ச் 1 முதல் நடுவர் துன்புறுத்தலுக்கு எதிரான புதிய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. திட்டுவது, மிரட்டுவது, கை வைப்பது என்று படிப்படியாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் விலக்குக் காலம் வைத்திருக்கிறார்கள். சில மாநிலச் சங்கங்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட நடுவர்கள் தனி நிறத்தில் கைப்பட்டை அணிகிறார்கள், திட்டுவதற்கு முன் எதிரே நிற்பது ஒரு குழந்தை என்று தெரியட்டும் என்பதற்காக. இங்கிலாந்தில் 2023-இல் கீழ்நிலை ஆட்டங்களில் நடுவர்களின் மார்பில் கேமரா பொருத்தியே சோதித்துப் பார்த்தார்கள். எல்லாம் தேவைதான். ஆனாலும் தண்டனை, விலகியவரைத் திரும்பக் கொண்டுவராது. புது நடுவரின் முதல் பத்து ஆட்டங்களில் அனுபவமுள்ள ஒருவர் கூடவே நின்று, பாதி நேரத்தில் தண்ணீர் குடிக்கும்போது "கார்னர் வரும்போது இன்னும் நாலடி இந்தப் பக்கம் நில்லு" என்று சொல்லித் தருவதுதான் பலன் தரும். அப்படி வழிகாட்டிகளை வைத்திருக்கும் கிளப்புகள் உண்டு, ஆனால் போதாது. பயணக் கிளப்புக்கு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டும் பெற்றோர், அந்தப் பணத்தில் நடுவர் பயிற்சிக்கு எவ்வளவு போகிறது என்று கிளப் கூட்டத்தில் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

நல்ல நடுவரை எப்படி அடையாளம் காண்பது?

மோசமான நடுவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. நடுவட்டத்தைவிட்டு நகராமல் அங்கிருந்தே பெனால்டி ஊதுபவர்கள், போட்டித் தொடரில் ஒரே நாளில் ஐந்தாறு ஆட்டம் ஒப்புக்கொண்டு நான்காவதிலேயே கால் ஓய்ந்து போகிறவர்கள், "பசங்க ஆடட்டும்" என்று முதல் இருபது நிமிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிறகு சண்டை வந்ததும் அட்டையை அள்ளி வீசுகிறவர்கள். இவர்களைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

நடுவரின் தரத்தை ஒரே ஒரு ஆஃப்சைடு முடிவால் அளக்க முடியாது. விசில் ஊதும்போது அவர் எத்தனை தூரத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். பதினைந்து கெஜத்துக்குள் நின்று, இடையில் யாரும் மறைக்காத கோணத்திலிருந்து ஊதுகிறவர் தவறினாலும் அது நேர்மையான தவறு. ஐந்தாவது நிமிடத்தில் நம் பக்கம் ஊதிய ஃபவுலை ஐம்பதாவது நிமிடத்தில் அந்தப் பக்கமும் ஊதுகிறாரா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பு. ஆட்டத்துக்கு முன் நகர்த்தக்கூடிய கோல் கம்பங்கள் சரியாக ஊன்றப்பட்டிருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்க்கிறாரா? இப்படிப்பட்ட கம்பங்கள் சாய்ந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இடி கேட்டதும் எல்லோரையும் வெளியேற்றி, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருக்கிறாரா? பள்ளி ஆட்டங்களுக்கான வழிகாட்டுதல் அதுதான். அந்த அரை மணி நேரம் முணுமுணுக்கிறவர்களுக்கு அவர் பணியக் கூடாது. தலையில் அடிபட்ட பிள்ளை தள்ளாடினால் உடனே ஆட்டத்தை நிறுத்தி வெளியே அனுப்புகிறாரா? 2009-இல் வாஷிங்டன் மாநிலம் தலைக்காயத்துக்கென ஒரு சட்டம் போட்டது. 2014-க்குள் 50 மாநிலங்களிலும் அதுபோன்ற சட்டம் வந்துவிட்டது. மூளை அதிர்ச்சிக்கான அறிகுறி தெரிந்த பிள்ளை தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் அனுமதிக்கும்வரை திரும்ப இறங்கக் கூடாது. இறுதிப்போட்டி, நான்கு நிமிடம்தான் மீதி, கோச் கெஞ்சுகிறார், பையனே "ஐ ஆம் ஃபைன்" என்கிறான். அந்த நேரத்தில் முடியாது என்று சொல்லும் நடுவர், அன்று இரண்டு ஆஃப்சைடைத் தவறவிட்டிருந்தாலும் என் கணக்கில் நல்ல நடுவர்தான்.

புகார் இருந்தால்

ஆட்டம் முடிந்து வண்டி நிறுத்தும் இடத்தில் நடுவரைப் பிடித்துக் கேட்பதால் எந்தப் பயனும் இல்லை, தண்டனை வேண்டுமானால் கிடைக்கும். நடுவர்களை ஆட்டத்துக்கு ஒதுக்கும் அசைனர் என்று ஒருவர் ஒவ்வொரு லீக்கிலும் இருப்பார். கிளப் வழியாக அவருக்கு எழுதுங்கள். பல லீக்குகளில் ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழித்தே எழுத வேண்டும் என்ற நடைமுறை உண்டு, நல்ல நடைமுறைதான். தேதி, மைதானம், வயதுப்பிரிவு, எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். "ஒருதலைப்பட்சமாக நடந்தார்" என்று எழுதினால் அசைனரால் ஒன்றும் செய்ய முடியாது. "இரண்டாம் பாதியில் தலையில் அடிபட்ட பெண்ணை ஆட்டத்தை நிறுத்தாமல் விட்டார்" என்று எழுதினால் அந்த வாரமே அந்த நடுவரிடம் பேசுவார். நன்றாக நடத்திய இளம் நடுவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதலாம். அப்படி ஒரு கடிதம் அசைனருக்கு அபூர்வமாகத்தான் வரும், வந்தால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த படி ஆட்டம் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் 1964-இல் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. போன்ற அமைப்புகளில் பெற்றோரே தன்னார்வ நடுவர்கள். மற்ற லீக்குகளிலும் பெரியவர்கள் யாரும் அடிப்படை நிலைப் பயிற்சியை எடுக்கலாம். யு.எஸ். சாக்கரின் கற்றல் தளத்தில் கணக்குத் தொடங்கி, நம் மாநிலத்தில் அடுத்த வகுப்பு எப்போது என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் கட்டாயம். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் 13 வயதுப் பிள்ளை இருந்தால் இருவரும் சேர்ந்தே எடுங்கள். பல அசைனர்கள் தாயையும் மகளையும், அப்பாவையும் மகனையும் ஒரே ஆட்டத்துக்குப் போட்டுத் தருகிறார்கள். முதல் வருடம் பிள்ளை விசிலோடு நடுவில் ஓட, நீங்கள் கொடியோடு கோட்டோரம் நிற்கலாம்.